நடக்காமற்போன நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் அறிவிக்கும் முறை

குறித்த நாளில் குறித்தபடி நடக்காமற்போகும் எதையும் தமிழ்நாட்டின் பேச்சுவழக்கு 'கேன்சல்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லால் சொல்லி முடித்துவிடுகிறது. மழையால் தள்ளிப்போன பள்ளி ஆண்டுவிழாவும் கேன்சல். இரு வீட்டாருக்கும் ஒத்துவராமல் நின்றுபோன திருமணமும் கேன்சல். எழும்பூர் வரை போகாமல் விழுப்புரத்தோடு நின்றுவிட்ட ரயிலும் கேன்சல். கேட்பவர் உள்ளூர்க்காரராக இருக்கும்வரை இதனால் பெரிய தீங்கு விளைவதில்லை, ஏனெனில் அவர் மேலும் இரண்டு கேள்வி கேட்டு நடந்ததைத் தெரிந்துகொள்வார். அதே சொல் தஞ்சாவூரிலிருந்து பெங்களூருவில் உள்ள மேலாளருக்கோ சிங்கப்பூரில் உள்ள வாடிக்கையாளருக்கோ மின்னஞ்சலில் போகும்போது, படிப்பவர் அதை முழுப்பொருளில், அதாவது இனி நடக்காது என்ற பொருளில் எடுத்துக்கொண்டு, பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். வேறு தேதி வரும் என்று எழுதியவர் மனத்தில் இருந்தது அவருக்குத் தெரிய வழியில்லை.

இத்தனைக்கும் இந்த வேறுபாடுகள் தமிழ் படிப்பவருக்குப் புதியவை அல்ல. செய்தித்தாள் தமிழில் ஒத்திவைப்பு வேறு, ரத்து வேறு, நிறுத்திவைப்பு வேறு, கைவிடல் வேறு, வாபஸ் வேறு. தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை முடிந்து சாலை மறியல் கைவிடப்பட்டது என்று வரும் செய்தியை, மறியல் ஒத்திவைக்கப்பட்டது என்று வரும் செய்தியோடு டெல்டா விவசாயி எவரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே இவ்வியல் புதிய பாகுபாடு எதையும் கற்பிக்க முற்படாமல், படிப்பவர் தமிழில் ஏற்கெனவே செய்துவரும் பாகுபாட்டை ஆங்கிலச் சொற்களோடு பொருத்திக்காட்டுகிறது. பொருத்துவதற்கு முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: வேறு தேதி உண்டா, இல்லையா, நிற்பது தொடங்குமுன் நிற்கிறதா, தொடங்கியபின் நிற்கிறதா. இவ்விரண்டையும் தீர்மானிக்காமல் வினைச்சொல்லைத் தேடுவது வீண்வேலை.

ஒரே தேர்தல், இரண்டு வினைச்சொற்கள்

முதற்கேள்வியின் விடை எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதைத் தஞ்சாவூர் நகரமே 2016இல் கண்டது. அவ்வாண்டு மே 16 அன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு நடக்கவிருந்த நிலையில், வாக்காளர்களுக்குப் பணமும் பரிசுப்பொருளும் வழங்கப்பட்டதைக் காரணமாகக் காட்டி, தஞ்சாவூர், அரவக்குறிச்சி ஆகிய இரண்டு தொகுதிகளில் மட்டும் இந்தியத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை முதலில் மே 23ஆம் தேதிக்கும், பின்னர் ஜூன் 13ஆம் தேதிக்கும் தள்ளிவைத்தது. இந்நிலை வரைக்கும் பொருந்தும் ஆங்கில வினை 'போஸ்ட்போன்', அல்லது அதனினும் சற்று அலுவலகத் தோரணை கொண்ட 'டெஃபர்'. தேர்தல் உயிரோடிருந்தது, வேட்பாளர் பட்டியல் அப்படியே இருந்தது, சின்னங்கள் மாறவில்லை, நாள் மட்டுமே நகர்ந்தது.

மே 28 அன்று ஆணையம் அதற்கும் மேலே போய், அவ்விரு தொகுதிகளுக்கான தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. இதற்குரிய சட்டச்சொல் 'ரெசிண்ட்'. ஓர் ஆணையை அல்லது அறிவிக்கையைப் பிறப்பித்தவரே திரும்பப் பெற்று அதை இல்லாததாக்குவது அதன் பொருள். அரசமைப்பின் 324ஆம் உறுப்பு தேர்தல் ஆணையத்துக்குத் தேர்தல்மீது தரும் கண்காணிப்பு அதிகாரத்தோடு, அறிவிக்கை வெளியிடும் அதிகாரம் உடையவருக்கு அதைத் திருத்தவும் திரும்பப் பெறவும் அதிகாரம் உண்டு என்று கூறும் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 21ஆம் பிரிவையும் சேர்த்தே இத்தகைய ஆணைகள் பிறக்கின்றன. அறிவிக்கை போனதும் வேட்புமனு உள்பட அதுவரை நடந்த அனைத்தும் போயிற்று. மறுபடியும் அறிவிக்கை, மறுபடியும் மனுத்தாக்கல் என்று அடியிலிருந்து தொடங்கி, 2016 நவம்பர் 19 அன்றுதான் தஞ்சாவூர் வாக்களித்தது.

ஒத்திவைப்புக்கும் ரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இரண்டு நேர்விலும் வாக்குப்பதிவு பின்னொரு நாளில் நடந்தே தீரும். ஆயினும் முன்னதில் செய்த வேலை நிலைக்கிறது, பின்னதில் நிலைப்பதில்லை. எனவே ஒரு நிகழ்ச்சி நின்றுவிட்டதாக எழுத அமர்பவர், அழைப்பிதழ் செல்லுமா, கொடுத்த நுழைவுச்சீட்டு செல்லுமா, பதிவு செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் செல்லுமா என்று பார்த்து, செல்லுமானால் 'போஸ்ட்போன்' என்றும், செல்லாதானால், பின்னால் வேறொரு விழா நடத்தும் எண்ணம் இருந்தாலும்கூட, 'கேன்சல்' என்றும் எழுதுவதே முறை.

மு. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்ததால் காலியான திருவாரூர் தொகுதியிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. 2019 ஜனவரி 28 அன்று இடைத்தேர்தல் என்று அறிவிக்கப்பட்டு, 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலின் நிவாரணப் பணிகள் முடியாத காரணத்தால் ஜனவரி தொடக்கத்திலேயே அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து வாக்குப்பதிவு நடந்தது. இத்தகைய செய்திகளில் ஆங்கில நாளிதழ்கள் 'கேன்சல்', 'ரெசிண்ட்', 'கவுண்டர்மேண்ட்' ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கையாள்வதுண்டு. கடைசிச் சொல் இட்ட கட்டளையை எதிர்க்கட்டளையால் செல்லாததாக்குவதைக் குறிப்பது. வாக்குச்சாவடி கைப்பற்றப்படுவது குறித்துப் பேசும், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ பிரிவில் அது இன்றும் உள்ளது. பள்ளி விளையாட்டு விழாவுக்கு இவ்விரு சட்டச்சொற்களையும் எழுதுவது மிகை மட்டுமன்று, பிழையும் ஆகும்: சுற்றறிக்கையை 'ரெசிண்ட்' செய்யலாம், விழாவை 'ரெசிண்ட்' செய்ய முடியாது.

தேதி நகரும்போது

'போஸ்ட்போன்' என்பதன் பேச்சுவழக்கு இணை 'புட் ஆஃப்'. தமிழின் 'தள்ளிப்போடு' என்பதற்கு வினையமைப்பிலும் தொனியிலும் இது மிக நெருங்கி வரும், வேண்டுமென்றே காலங்கடத்துவதைச் சொல்லவும் தமிழ்ச் சொல்லைப் போலவே பயன்படும். 'டெஃபர்' முடிவுகளுக்கும் கட்டணங்களுக்கும் பணியேற்புக்கும் உரியது. கடன் தவணை 'டெஃபர்' ஆகும், உறவினர் வீட்டு விருந்து 'டெஃபர்' ஆவதில்லை. இவை மூன்றுக்கும் முன்பே ஒரு தேதி நிச்சயிக்கப்பட்டிருக்க வேண்டும். தேதியே நிச்சயிக்கப்படாத ஒன்று வழக்கத்தைவிடப் பிந்தினால் அது 'டிலே'. மேட்டூர் அணை குறுவைக்காக ஜூன் 12 அன்று திறக்கப்படுவது மரபாக இருந்தாலும், அணையின் நீர்மட்டமும் வரத்தும் பார்த்து அரசு ஆணையிட்டால்தான் மதகு திறக்கும்; ஆகையால் 2024இல் ஜூலை 28 அன்று நீர் திறக்கப்பட்டதைத் திறப்பு 'டிலே' ஆயிற்று என்பதே பொருந்துமே தவிர 'போஸ்ட்போன்' ஆயிற்று என்பது அவ்வளவு பொருந்தாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12 அன்று திறக்க இயலாமல், 2020இல்தான் அத்தேதி மீண்டும் கைகூடியது என்பதை நினைத்தால், 'டிலே' என்ற சொல் டெல்டாவுக்கு எவ்வளவு பழகியது என்பது விளங்கும்.

நேர்மாறாக, 2022இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. இவ்வாறு முன்னதாக நடப்பதைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் 'ப்ராட் ஃபார்வர்ட்' என்றும், அலுவலக ஆங்கிலம் 'அட்வான்ஸ்டு' என்றும் குறிக்கும். இந்தியர்கள் இதற்கு 'பிரீபோன்' என்கிறார்கள். ஆக்ஸ்போர்டு அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்ட இச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தியாவுக்கு வெளியே பலர் அதைக் கேட்டதே இல்லை என்பதால், வெளிநாட்டுக் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. கூட்டத்தை 'மூவ் ஃபார்வர்ட்' செய்வதாக எழுதுவதை எங்குமே தவிர்க்கலாம். அதை முன்தேதிக்கு என்று பாதிப்பேரும் பின்தேதிக்கு என்று மீதிப்பேரும் புரிந்துகொள்கிறார்கள்.

'ரீஷெட்யூல்' என்பது புதிய தேதி கையில் இருக்கும்போது மட்டுமே எழுதத்தக்கது. கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பட்ட பாடு இதற்கு நல்ல சான்று. 2020 மார்ச் 27 அன்று தொடங்கவேண்டிய தேர்வு முதலில் தள்ளிவைக்கப்பட்டது. பின்பு ஜூன் 1 என்றும், அதன்பின் ஜூன் 15 என்றும் நாள் குறிக்கப்பட்டது. ஜூன் 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தேர்வையே ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் கணக்கிட்டு அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார். முதற்கட்டம் 'போஸ்ட்போன்', இடைக்கட்டங்கள் இரண்டும் 'ரீஷெட்யூல்', இறுதிக்கட்டம் 'கேன்சல்'. அப்போது தேர்வெழுதவிருந்த மாணவர் வேலைக்கான நேர்காணலில் இதைச் சொல்ல நேர்ந்து, தேர்வு 'போஸ்ட்போன்' ஆனது என்றால், பிறகு எப்போது எழுதினீர்கள் என்ற கேள்வி தவறாமல் வரும்.

இச்சொற்களில் தமிழர் செய்யும் பிழை பெரும்பாலும் வினையில் இல்லை, அதை அடுத்து வரும் சிறுசொல்லில் உள்ளது. கூட்டம் 'போஸ்ட்போன்டு டு ஃபிரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. 'போஸ்ட்போன்டு ஆன் ஃபிரைடே' என்றால் தள்ளிவைக்கும் முடிவு வெள்ளிக்கிழமை எடுக்கப்பட்டது, கூட்டம் என்றைக்கு என்பது தெரியாது. 'போஸ்ட்போன்டு பை எ வீக்' என்பது ஒரு வாரக் கால அளவைத் தரும். தேதி தெரியாதபோது 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்', அதாவது மறு அறிவிப்பு வரும்வரை என்று சேர்க்க வேண்டும். 'கேன்சல்டு' என்ற சொல்லில் 'எல்' எழுத்து பிரிட்டிஷ், இந்திய வழக்கில் இரண்டும் அமெரிக்க வழக்கில் ஒன்றும் வருவது சிறு செய்திதான். 'கேன்சலேஷன்' என்ற பெயர்ச்சொல்லில் இரு வழக்கிலும் இரண்டே வரும்.

யார் நிறுத்துகிறார்

'கால் ஆஃப்' என்ற தொடர்வினை 'கேன்சல்' என்பதற்கு இணையாக அகராதிகளில் தரப்பட்டாலும், அதற்கென்று ஒரு தனிக்குணம் உண்டு: அழைத்தவர் அல்லது நடத்துபவர் மட்டுமே அதைச் செய்ய முடியும். சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கிறது, சங்கமே அதைக் 'கால் ஆஃப்' செய்கிறது. மாவட்ட ஆட்சியர் தடை விதிக்கலாம், காவல்துறை அனுமதி மறுக்கலாம், ஆனால் அவர்கள் போராட்டத்தைக் 'கால் ஆஃப்' செய்ததாக எழுத முடியாது. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் வர இயலாதபோது விருந்தைக் 'கேன்சல்' செய்வதாக எழுதுவதும் இதே வகைப் பிழை. அவர் எழுதவேண்டியது 'ஐ வோன்ட் பி ஏபிள் டு மேக் இட்' என்பதுதான். வருவதாக ஒப்புக்கொண்டு பின்பு விலகுவது 'பேக் அவுட்'. அதில் வாக்குத்தவறிய குற்றச்சாட்டும் சேர்ந்தே ஒலிக்கும் என்பதால், தன்னைப் பற்றி எழுதும்போது அச்சொல்லைக் கையாள்வோர் குறைவு.

சொல்லமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'கால் ஆஃப் தி மீட்டிங்' என்றும் 'கால் தி மீட்டிங் ஆஃப்' என்றும் எழுதலாம். ஆனால் பெயருக்கு மாற்றாக 'இட்' வரும்போது 'கால் இட் ஆஃப்' என்ற ஒரே வரிசைதான் செல்லும். 'கேன்சல் இட் ஆஃப்' என்பது இரண்டு வினைகளை ஒட்டவைத்த கலப்பு, ஏற்கத்தக்கதன்று.

போராட்டச் செய்திகளில் 'கால் ஆஃப்', 'வித்ட்ரா', 'சஸ்பெண்ட்' மூன்றும் வருகின்றன. இவற்றுள் கடைசிச் சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒன்றை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கிறார். தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக நடந்த விவசாயிகள் போராட்டத்தை 2021 டிசம்பர் 9 அன்று சம்யுக்த கிசான் மோர்ச்சா முடித்துக்கொண்டபோது, போராட்டம் 'சஸ்பெண்ட்' செய்யப்படுவதாகவே அறிவித்தது. மூன்று வேளாண் சட்டங்களும் அதற்குள் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டிருந்தும், ஆதார விலை உள்ளிட்ட கோரிக்கைகள் மீதமிருந்ததால், மீண்டும் தொடங்கும் உரிமையை அச்சொல் காத்து வைத்தது. கோரிக்கை முழுதும் நிறைவேறாமல் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து எழும் எந்தச் சங்கமும் 'கால் ஆஃப்' என்று கையெழுத்திடும்முன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

திருமணத்தில் இச்சொற்கள் உண்டாக்கும் தொல்லை தனி. குடும்பத்தில் துக்கம் நேர்ந்து தீட்டுக் காரணமாக முகூர்த்தம் அடுத்த மாதத்துக்குப் போனால், 'தி வெட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்டு' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை. அதையே 'கால்ட் ஆஃப்' என்று எழுதினால் சம்பந்தமே முறிந்துவிட்டது என்று பொருளாகும்; படிக்கும் அயல்நாட்டு நண்பர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுவார். 'மேரேஜ் கேன்சல்டு' என்ற தொடர் அதனினும் மோசம், ஏனெனில் 'மேரேஜ்' என்பது சடங்கை விட மணவாழ்வையே முதன்மையாகக் குறிப்பதால், நடந்த திருமணம் செல்லாதென்று யாரோ தீர்ப்பளித்தது போன்ற தொனி வந்துவிடுகிறது. நிச்சயதார்த்தம் முறிந்தால் அது 'ப்ரேக் ஆஃப்'. பேச்சளவில் இருந்த சம்பந்தம் கூடிவராமல் போனால் 'ஃபால் த்ரூ'. இந்தக் கடைசி வினை மிக நாகரிகமானது: அதற்கு எழுவாய் திட்டம்தான், மனிதர் அல்லர், எந்த வீட்டாரையும் குறைசொல்லாமல், தட்டிப்போயிற்று என்று தமிழில் சொல்வதைப் போலவே முடித்துக்கொள்ளலாம். குத்தகைப் பேச்சு, நிலக்கிரயம், கதிரறுக்கும் எந்திரத்துக்குச் செய்த ஏற்பாடு ஆகியவை கைகூடாமற்போவதற்கும் இதுவே சொல்.

தொடங்கியபின் நிற்பவை

இரண்டாம் கேள்விக்கு இங்கே வரவேண்டும். நடந்துகொண்டிருக்கும் சேவையோ பணியோ தற்காலிகமாக நிற்பது 'சஸ்பெண்ட்'; அதன் மறுபாதி 'ரெஸ்யூம்', மீண்டும் தொடங்குதல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், அறுவடைக் காலத்து மழையால் நெல்லின் ஈரப்பதம் அனுமதிக்கப்பட்ட 17 விழுக்காட்டைத் தாண்டிக் கொள்முதல் நிற்கும்போது, அது 'சஸ்பெண்ட்' ஆகிறது. அதைக் 'கேன்சல்' என்று ஒரு முகவர் வெளியூர் ஆலைக்கு எழுதினால், நிலையமே மூடப்பட்டதாக ஆலை கருதும். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாட்களிலேயே 'சஸ்பெண்ட்' ஆகி, 2024 ஆகஸ்ட் 16 அன்று 'ரெஸ்யூம்' ஆனது. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தவுடன் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நிறுத்திவைக்கப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்தது.

தொடங்கிய ஒன்றைத் தொடரும் எண்ணமின்றிப் பாதியில் விடுவது 'அபேன்டன்'. பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டியின் அரையிறுதியில் மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டால் இச்சொல் பொருந்தும். கிரிக்கெட்டில் மட்டும் ஒரு பந்துகூட வீசப்படாத ஆட்டத்தையும் 'அபேன்டன்' என்கிறார்கள். அது அவ்விளையாட்டின் மரபு. மழையால் நின்ற ஆட்டத்தை ஆங்கிலேயர் 'ரெயின்டு ஆஃப்' என்றும் அமெரிக்கர் 'ரெயின்டு அவுட்' என்றும் சொல்வார்கள். மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்றரை மணியில் முடிந்தால் அது 'கட் ஷார்ட்'. விழா நடக்கிறது, ஆனால் ஊர்வலமின்றிக் கூட்டமின்றி எளிமையாக நடக்கிறது என்றால் 'ஸ்கேல்டு டவுன்'.

'அட்ஜர்ன்' என்பது அமர்வுக்கு உரியது: நீதிமன்றம் வாய்தா போடுவதும், சட்டமன்றம் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்படுவதும், சங்கப் பொதுக்குழு உணவுக்குக் கலைவதும் இதில் அடங்கும். இன்னும் கூடாத கூட்டத்தை 'அட்ஜர்ன்' செய்ததாகப் பொதுவாக எழுதுவதில்லை.

ரயில் அறிவிப்புகள்

டெல்டாக்காரர் ஆங்கிலச் சொல்லின் நுட்பத்துக்குப் பணம் கொடுக்கும் இடம் ரயில் நிலையம். தென்னக ரயில்வேயின் அறிவிப்பில் 'கேன்சல்டு' என்றால் அந்த ரயில் அன்று அறவே இல்லை. இணையவழிச் சீட்டுக்குப் பணம் தானாகவே திரும்பும். 'பார்ஷியலி கேன்சல்டு' என்றால் பாதையின் ஒரு பகுதியில் மட்டும் இல்லை. 'ஷார்ட் டெர்மினேட்டட்' என்றால் இறுதி நிலையத்துக்கு முன்பே முடித்துக்கொள்கிறது. 'ஷார்ட் ஒரிஜினேட்டட்' என்றால் புறப்படவேண்டிய நிலையத்துக்குப் பதில் நடுநிலையம் ஒன்றிலிருந்து கிளம்புகிறது. இத்தகைய பகுதி மாற்றங்களில் பணம் வேண்டுவோர் அதற்கென விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கும்பகோணம், மயிலாடுதுறை வழியான மெயின் லைனில் செல்லவேண்டிய வண்டி விருத்தாசலம் வழியான கார்டு லைனில் போனால் அது 'டைவர்ட்டட்'.

ரயில்வேயின் 'ரீஷெட்யூல்டு' மேலே சொன்னதிலிருந்து வேறுபடுவது பலரை ஏமாற்றுகிறது. அங்கே அது வண்டி புறப்படும் நிலையத்திலேயே சில மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் என்பதை மட்டுமே குறிக்கிறது. 'ரெகுலேட்டட்' என்பது வழியில் ஓரிடத்தில் வண்டி நிறுத்திவைக்கப்பட்டுப் பின்பு விடப்படுவது. வெளியுலக ஆங்கிலத்தில் இப்பொருள் இல்லை.

தமிழில் ஒரு ரத்து, ஆங்கிலத்தில் பல

ஆங்கிலம் பல சொற்களாகப் பிரிப்பதைத் தமிழ் 'ரத்து' என்ற ஒன்றால் சமாளிக்கும் இடங்களும் உண்டு. சட்டத்தை நீக்குவது 'ரிப்பீல்', உரிமத்தைப் பறிப்பது 'ரிவோக்', ஒப்பந்தத்தை முடிப்பது 'டெர்மினேட்', நீதிமன்றம் ஓர் ஆணையைச் செல்லாதென்பது 'குவாஷ்'. நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை 'ஸ்டே' எனப்படும். அது ரத்து ஆகாது. திட்டம் ஒன்றைக் கைவிடுவது 'டிராப்'. 2023 ஏப்ரலில் நிலக்கரிச் சுரங்க ஏலப்பட்டியலிலிருந்து தஞ்சாவூர் மாவட்டத்தின் வடசேரி, அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பகுதிகளை ஒன்றிய அரசு விலக்கியதை ஆங்கிலத்தில் 'டிராப்' எனலாம். ஏலமே 'கேன்சல்' ஆனதாகச் சொன்னால் தவறு, பிற பகுதிகளுக்கான ஏலம் நடந்தது.

அறிவிப்பை எழுதும் ஒழுங்கு

நம் அலுவலக அறிவிப்புகள் காரணத்தில் தொடங்கி, மூன்று வரி கடந்தபின் செய்தியைச் சொல்லும் பழக்கம் உடையவை. ஆங்கிலத்தில் வரிசையைத் திருப்ப வேண்டும்: எந்த நிகழ்ச்சி, அது என்ன ஆயிற்று, ஏன், அடுத்து என்ன. 'தி டிரெயினிங் ஃபிக்ஸ்டு ஃபார் 14 நவம்பர் ஹேஸ் பீன் போஸ்ட்போன்டு டு 21 நவம்பர் இன் வியூ ஆஃப் தி சைக்ளோன் வார்னிங்' என்ற ஒரு வாக்கியத்தில் முதல் மூன்றும் அடங்கிவிடுகின்றன. வரவிருக்கும் இடரை முன்னிட்டு எனில் 'இன் வியூ ஆஃப்', வந்துவிட்ட இடரால் எனில் 'ட்யூ டு' அல்லது 'ஓவிங் டு'. அரசு ஆணைகளில் வரும் 'ஸ்டாண்ட்ஸ் கேன்சல்டு' என்ற வாய்பாடு பிழையன்று. தனியார் கடிதத்தில் சற்று விறைப்பாக ஒலிக்கும், அவ்வளவே.

தவிர்க்க முடியாத காரணங்களால் என்பதன் நேர்வடிவமான 'ட்யூ டு அனவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்' தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிப் புழங்குகிறது. எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயத்தையே அது படிப்பவரிடம் எழுப்புவதால், காரணத்தை நான்கு சொல்லில் கூறிவிடுவது மேல். துக்கம் எனில் 'எ பிரீவ்மென்ட் இன் தி ஃபேமிலி' என்றால் போதும். யார், எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கனமழைக்காக ஆட்சியர் அறிவிப்பது 'ஹாலிடே', 'லீவ்' அன்று. 'லீவ்' ஒருவர் தமக்காக எடுப்பது. பேச்சில் 'ஸ்கூல் லீவு' தாராளமாக இருக்கட்டும், எழுத்தில் வேண்டாம்.

அமெரிக்க நண்பரோ மேலாளரோ அழைப்புக்கு மறுமொழியாக 'ரெயின் செக்' என்று எழுதினால், அதில் மழைக்கு இடமில்லை. மழையால் நின்ற பேஸ்பால் ஆட்டத்தின் சீட்டு வேறோர் ஆட்டத்துக்குச் செல்லும் என்ற பழைய ஏற்பாட்டிலிருந்து வந்த இத்தொடர், இப்போது முடியாது, பிறிதொரு சமயம் பார்க்கலாம் என்ற பணிவான மறுப்பு. தேதி கேட்டு மறுகடிதம் எழுதவேண்டியதில்லை.

பணம் தொடர்பான சொற்களில் அசட்டை கூடாது. மண்டபம், பந்தல், மேளம், சமையல் என ஒவ்வொன்றுக்கும் முன்பணம் கொடுத்தபின் தேதி நகரும்போது, 'ரீஃபண்ட்' என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பது, 'அட்ஜஸ்ட்' என்றால் அதே பணத்தைப் புதிய தேதிக்கு வரவு வைக்கக் கோருவது, 'ஃபோர்ஃபீட்' என்றால் பணத்தை இழப்பது, 'நான்-ரீஃபண்டபிள்' என்றால் எக்காரணத்தாலும் திரும்பாது. ஆங்கிலத்தில் அச்சிட்ட ரசீதுகள் பலவற்றில் ரத்துக்கு ஒரு விதியும் தேதி மாற்றத்துக்கு வேறொரு விதியும் இருக்கும்; வெறும் தேதி மாற்றத்தை விரும்புபவர் பழக்கத்தால் 'கேன்சல்' என்று எழுதிவிட்டால், முதல் விதியைக் காட்டி முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள எதிர்த்தரப்புக்கு எழுத்துச்சான்றே கிடைத்துவிடுகிறது. ஆகையால் ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதை முழுவதும் படித்த பிறகே அக்கடிதத்தின் முதல் வினைச்சொல்லை எழுதவேண்டும்.